நையாண்டிக்கு இடமில்லாத கேள்வி

உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் அரசியல் எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



நம் தொகுதி எம்.பி. ரவிக்குமார் மேல் உங்களில் பலருக்கு ஒரு மனத்தாங்கல். ரோடு போடவில்லை, வேலை வாங்கித் தரவில்லை என்கிற வழக்கமான மனத்தாங்கல் இல்லை அது. ‘நிறப்பிரிகை’ சிற்றிதழ்க் காலத்து எழுத்தைப் பழைய இதழ்களில் தேடிப் படித்துவிட்டு, அந்தக் காரம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். கூட்டணிக் கட்சி தப்புச் செய்தால் வரிக்கு வரி ஏன் கிழிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அதே மூச்சில், அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நாமே நின்றால் என்ன என்றும் பேசிக்கொள்கிறீர்கள். இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வருவதால்தான் இந்த மடல்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கக்கூடும், அதனால் நம் ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019 நவம்பர் 26 முதல் நாம் கள்ளக்குறிச்சி மாவட்டம். கலெக்டரிடம் மனுக் கொடுக்க மேற்கே பஸ் ஏறுகிறோம். எம்.பி. தேர்தல் வந்தால் மட்டும் வடக்கே திரும்பி விழுப்புரம் தொகுதிக்காரர்கள் ஆகிவிடுகிறோம். திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள், சுமார் 15 லட்சம் வாக்காளர்கள், தனித்தொகுதி. கலெக்டர் ஒரு திசையிலும் எம்.பி. இன்னொரு திசையிலும் இருப்பதால் எந்தக் குறையை எந்தக் கதவில் தட்டுவது என்பதே நம் பக்கத்தில் பாதிப் பேருக்குக் குழப்பம். எழுதுகிறவர்களுக்கும் அந்தக் குழப்பம் இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ரவிக்குமார் கொள்ளிடம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வங்கி ஊழியராக வேலை பார்த்தவர். அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோரோடு சேர்ந்து 1990களில் ‘நிறப்பிரிகை’ நடத்தினார். தலித் இலக்கியம், பின்நவீனத்துவம், விளிம்புநிலை வரலாறு என்று தமிழில் அதுவரை பேச்சில் அடிபடாத பலவற்றை அந்தச் சிற்றிதழ் சண்டை போட்டுப் பேச வைத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் பொறுப்பு வகித்தார். 2003ல் எஸ். ஆனந்தோடு சேர்ந்து நவயானா பதிப்பகத்தைத் தொடங்கினார். பிறகு ‘மணற்கேணி’ என்று ஓர் ஆய்விதழ். ஆக்ஸ்போர்டு வெளியிட்ட தமிழ் தலித் எழுத்துத் தொகுப்பை ஆர். அழகரசனோடு சேர்ந்து 2012ல் தொகுத்தார். 2000களின் முற்பகுதியில் பெரியாரைத் தலித் பார்வையில் விமர்சித்து அவர் எழுதியவை கிளப்பிய புழுதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. திராவிட இயக்கத்தார் அவர் மேல் கொண்ட கோபத்தை அப்போது பார்த்தவர்கள், இந்த மனிதர் ஒருநாள் தி.மு.க.வின் உதயசூரியனில் நிற்பார் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

நின்றார். அந்த இடத்தைப் பற்றித்தான் நாம் நிதானமாகப் பேச வேண்டும்.

பத்திரிகை நடத்திவிட்டு அவைக்குப் போவது நம்மிடம் புதுசு இல்லை. ‘திராவிட நாடு’ நடத்திய அண்ணா 1957ல் காஞ்சிபுரத்தில் வென்றார், 1962ல் அதே காஞ்சிபுரத்தில் தோற்றார். அவருக்கு முன்னால் இன்னொருவர். 1893ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். அந்தப் பெயரைத் தலைப்பில் போட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நம் ஊர்த் தெருக்களை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். 1923ல் அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார். தேர்தலில் வென்று போகவில்லை, அரசு நியமித்தது. அடுத்த ஆண்டே, பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையும் ஆயிற்று.

பத்திரிகையில் ஏழு ஆண்டு எழுதிய விஷயம் அரசாணையில் சில வரிகளாகச் சுருங்கியது. அந்த வரிகளைப் படித்தால் சப்பென்று இருக்கும். கண்ணீர் இல்லை, கோபம் இல்லை, வரலாறு இல்லை. ஆனால் கிணற்றடியில் தடுத்தவன் மேல் புகார் எழுதிக் கொடுக்க அந்தச் சப்பென்ற வரிகள்தான் உதவும். அரசாணை வந்து நூறு வருஷம் ஆன பிறகும் எல்லாத் தெருவும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் பத்திரிகையும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு எதிர் உதாரணம் உண்டு. இத்தாலியில் நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ அரசியல்வாதிகளைத் திட்டியே எழுதிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். 2009ல் ஐந்து நட்சத்திர இயக்கம் தொடங்கினார். 2013 தேர்தலில் கால்வாசி ஓட்டு அந்த இயக்கத்துக்கு விழுந்தது. ஆனால் அவர் நிற்கவில்லை. தண்டனை பெற்றவர்கள் வேட்பாளராகக் கூடாது என்பது அவரே போட்ட விதி, கார் விபத்து வழக்கில் அவருக்கே தண்டனை இருந்தது. அதனால் வெளியே இருந்தபடி உள்ளே போனவர்களை ஆட்டிவைத்தார். எனக்கு அந்த ஏற்பாட்டைவிட, உள்ளே போய்த் தோற்கவும் ஜெயிக்கவும் செய்கிறவர்கள் மேல்தான் மரியாதை. திட்டுகிற உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பை அடுத்தவன் தோளில் ஏற்றுவது ரொம்பச் சௌகரியம்.

சரி, நம்மவர் கதைக்கு வருகிறேன். 2006ல் ரவிக்குமார் காட்டுமன்னார்கோயிலில் வென்றார். அப்போது அவருடைய கட்சியான விடுதலைச் சிறுத்தைகள் அ.தி.மு.க. அணியில் இருந்தது. கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம். ஆட்சி அமைந்ததோ தி.மு.க.வுக்கு. 2009 மக்களவைத் தேர்தல் வந்தபோது கட்சி தி.மு.க. அணியில் இருந்தது. ஒரே பதவிக் காலத்துக்குள் எதிர்வரிசை உறவும் ஆளும் வரிசை உறவும் மாறிப்போயின. தனியாக எழுதுகிறவன் கருத்து மாறினால் ஒரு கட்டுரையில் விளக்கிவிடலாம். கட்சி அணி மாறினால் எம்.எல்.ஏ. ஒவ்வொரு டீக்கடையிலும் விளக்க வேண்டும்.

அந்த ஐந்தாண்டில் தமிழ்நாட்டில் நடந்தவற்றைப் பாருங்கள். 2008ல் திருநங்கையருக்கு நல வாரியம் வந்தது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்கு நாடெங்கிலுமிருந்து அவர்கள் வந்து கூடும் கூவாகம் நம் வட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே இது நமக்கு வெறும் செய்தி இல்லை. 2009ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடும் புதிரை வண்ணார் நல வாரியமும் வந்தன. 2010ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டுத் திட்டம் வந்தது. இதில் எது யாரால் நடந்தது? கட்சிக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். நான் எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போட மாட்டேன். கட்டுரைக்குக் கீழே பெயர் போடலாம். வாரியத்துக்கும் வீட்டுக்கும் கீழே அப்படிப் போட முடியாது. தெருவில் பல வருஷம் போராடியவர்கள், அவையில் பேசியவர்கள், கோப்பை நகர்த்திய அதிகாரி, கையெழுத்திட்ட முதல்வர் என்று பத்துக் கை பட்டுத்தான் ஒரு வரி சட்டமாகிறது. நிற்கப் போகிறோம் என்று சொல்லும் உங்களில் எத்தனை பேர் பெயர் இல்லாத அந்த வேலைக்குத் தயார்?

2011ல் அவர் அதே தொகுதியில் தோற்றார். 2014ல் திருவள்ளூரில் தோற்றார். 2019ல் விழுப்புரத்துக்கு வந்தார்.

அந்தத் தேர்தல் நமக்கு நினைவிருக்கிறது. கட்சித் தலைவர் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றார். ரவிக்குமார் இங்கே உதயசூரியனில் நின்றார். பானையில் நின்றால் ஊர்த்தெரு ஓட்டு வராது என்று நம் டீக்கடைகளில் வெளிப்படையாகவே பேசினார்கள். ஓட்டுப்பதிவு அன்றைக்கு அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் பானையை வைத்து வந்த தகராறில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. ஒரு மண்பாண்டம் சின்னமானதற்கே அவ்வளவு. முடிவு வந்தபோது கணக்குக் கண் முன்னால் இருந்தது. இங்கே சூரியன் 1,28,068 ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. சிதம்பரத்தில் பானை 3,219 ஓட்டில் தப்பிப் பிழைத்தது.

சாதியைப் பற்றி முப்பது வருஷம் எழுதிய ஒருவர், யாரைக் கடிந்து எழுதினாரோ அவர்கள் தெருவிலும் கைகூப்பி ஓட்டுக் கேட்கப் போகிறார். தனித்தொகுதி என்பது வேட்பாளருக்குத்தான் தனி. ஓட்டு எல்லாச் சாதிக்காரரும் போடுவது. 1932ல் பூனா ஒப்பந்தம் போட்ட முடிச்சு அது, அம்பேத்கர் வாழ்நாள் முழுக்க அதன் வலியைப் பேசினார். அந்த முடிச்சுக்குள் நின்றுதான் நம் பக்கத்தில் ஒரு தலித் எழுத்தாளர் எம்.பி. ஆக முடியும். சொந்தச் சின்னமா, வெற்றியா என்று கேட்டால் கட்டுரையில் நானும் சொந்தச் சின்னம் என்றுதான் எழுதுவேன். வேட்புமனுத் தாக்கல் செய்ய மூன்று நாள் இருக்கும்போது கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது.

அதற்கு விலையும் இருந்தது. தி.மு.க. சின்னத்தில் வென்றதால் 2019 முதல் 2024 வரை மக்களவைக் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினர். 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர், அவையில் வேறு கட்சியின் உறுப்பினர் என்கிற இரட்டை வாழ்க்கை. 2024ல் பானையிலேயே நின்றார், 4,77,033 ஓட்டு வாங்கி அ.தி.மு.க.வின் பாக்யராஜை 70,703 ஓட்டில் வென்றார். வித்தியாசம் குறைந்தது உண்மை. எதிரணி பிரிந்து மும்முனைப் போட்டியாக இருந்த தேர்தல் அது, ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து அவசரமாக முடிவு கட்டாதீர்கள். ஆனால் விழுப்புரத்தில் பானை வென்றது. சிதம்பரத்தில் அதே பானை 1,03,554 ஓட்டில் வென்றது. இரண்டும் சேர்ந்து கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் வாங்கித் தந்தன. 2019ன் டீக்கடைக் கணக்கை எந்தக் கட்டுரையும் பொய்யாக்கவில்லை, ஐந்து வருஷம் ஊர் ஊராக அலைந்ததுதான் பொய்யாக்கியது என்பது என் கணிப்பு. நீங்கள் மறுக்கலாம்.

இப்போது காரத்தைப் பற்றி.

மக்களவையில் கேள்வி கேட்பதற்கு நடைமுறை விதிகள் இருக்கின்றன. அதில் 41ஆம் விதியை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது. ஊகம் இருக்கக் கூடாது. நையாண்டி கூடாது. பழி சுமத்தக் கூடாது. பட்டப்பெயர் கூடாது. அவதூறு கூடாது. அமைச்சரின் கருத்து என்ன என்றும் கேட்கக் கூடாது. கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவர் ஐந்து கேள்விக்கு மேல் கொடுக்க முடியாது. அப்புறம் குலுக்கல். அதில் தேறினால் வாய்மொழியாகப் பதில் கிடைக்கும் 20 கேள்விகளில் ஒன்றாகவோ, எழுத்தில் பதில் கிடைக்கும் 230ல் ஒன்றாகவோ வரும்.

விதியைத் திரும்பப் பாருங்கள். வாதம், ஊகம், நையாண்டி, பட்டப்பெயர். உங்கள் எழுத்திலிருந்து இந்த நாலையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? என் எழுத்திலும் பெரிசாக ஒன்றும் மிஞ்சாது. ஒரு சிற்றிதழ்க்காரர் உள்ளே போனதும் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்வது இவற்றைத்தான். காரம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. மீதிப் பாதி கூட்டணி, அதற்கும் வருகிறேன்.

கழற்றி வைத்தபின் மிஞ்சுவது சாமானியப்பட்டது இல்லை. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நம் ஊரைத் தாண்டிச் செங்குறிச்சி சுங்கச்சாவடி. அதைப் பற்றி உங்களில் பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். பகல் கொள்ளை, வழிப்பறி, நவீன ஜமீன் என்று வார்த்தைகள் பறக்கும். 2022ல் அங்கே வேலை நீக்கப்பட்ட தொழிலாளர்கள் போராடியபோது இன்னும் சூடாக எழுதினீர்கள். நல்லது. இனி அதையே அவைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள்.

சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) செங்குறிச்சி சுங்கச்சாவடியில் கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக வசூலான கட்டணம் எவ்வளவு, (ஆ) அந்தச் சாலைப் பகுதிக்கு ஆன மூலதனச் செலவு எவ்வளவு, அதில் இதுவரை மீண்ட தொகை எவ்வளவு, (இ) அங்கு பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணிப் பாதுகாப்புக்கு அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் யாவை, (ஈ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் யாவை?

கடைசியில் தொங்கும் அந்த (ஈ) முக்கியம். அதை விட்டுவிட்டால் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அதைப் போட்டால் எதையாவது எழுத வேண்டிய கட்டாயம் ஓர் அதிகாரிக்கு வரும். அவர் எழுதியதை அமைச்சர் அவையில் வைப்பார், அச்சாகும், நாளைக்கு நீதிமன்றத்தில் காட்டலாம். உங்கள் கட்டுரையில் ‘கோடிக்கணக்கில்’ என்று எழுதிய இடத்தில் எண்ணைப் போடலாம். பகல் கொள்ளை என்ற சொல்லுக்கு அதன்பின் தேவை இருக்காது. அமைச்சர் அவையில் ‘செய்வோம்’ என்று சொல்லிவிட்டால் அதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் அந்தத் துறை அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில் எழுந்து, 60 கிலோமீட்டருக்குள் இரண்டாவதாக இருக்கும் சுங்கச்சாவடிகளை மூன்று மாதத்தில் மூடுவோம் என்றார். எத்தனை மூடினார்கள் என்பதை நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவையில் சொன்ன வாக்கு என்பதால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது. மேடையில் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

அதனால் உங்கள் எம்.பி.யை அளக்க வேண்டுமென்றால் அவருடைய கட்டுரைகளை அளவுகோலாக எடுக்காதீர்கள். இந்த இரண்டு பதவிக் காலத்தில் அவர் என்ன கேட்டார், எந்தத் துறையிடம் கேட்டார், வந்த பதிலுக்குப் பிறகு துணைக்கேள்வியாக எதைத் தொடுத்தார், எதைக் கேட்காமல் விட்டார் என்று எடுத்து வைத்துப் படியுங்கள். எல்லாம் பொதுவில் கிடைக்கிற ஆவணம். மக்களவைச் செயலகமே வெளியிடுகிறது. நம் பக்கத்தில் யாரும் இதைச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. எம்.பி. கல்யாண வீட்டுக்கு வந்தாரா என்பதைத்தான் எண்ணுகிறோம்.

தொகுதி நிதியைப் பற்றியும் இரண்டு வரி. ஆண்டுக்கு 5 கோடி. ஆறு தொகுதிக்குப் பிரித்தால் நமக்கு 83 லட்சம் வரும், ஒரு சமுதாயக்கூடமும் சில வகுப்பறையும் கட்டலாம். அதையும் 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். 2021 நவம்பரில் திறந்தபோது அந்த ஆண்டின் மிச்சத்துக்கு 2 கோடி என்றார்கள். முதல் பதவிக் காலத்துக் கல்வெட்டுகளை எண்ணும்போது இதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கூட்டணிக்கு வருகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தத் தெருக்கள் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகின்றன, நம் தொகுதியில் இல்லை. ஆனால் மாவட்டம் நம் மாவட்டம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாட்டை நம் உளுந்தூர்பேட்டையில்தான் கூட்டியது. டாஸ்மாக் நடத்திய அன்றைய ஆளும் கட்சி தி.மு.க.வின் தோழமைக் கட்சி மதுவிலக்கு மாநாடு நடத்தியது. அ.தி.மு.க.வும் வரலாம் என்று திருமாவளவன் சொல்லப் போய், தமிழ்நாடே இரண்டு வாரம் கூட்டணிக் கணக்குப் போட்டது. கடைசியில் மேடையில் தி.மு.க. பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மதுவிலக்கைத் தேசியக் கொள்கையாக்கு என்று டெல்லியைப் பார்த்துக் கேட்ட குரல் அங்கே ஓங்கி ஒலித்தது.

உங்களில் சிலர் அதை நாடகம் என்று எழுதினீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் அவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடி, புருஷன் குடியைப் பற்றி மைக் வைத்துப் பேசக் கேட்டதே எனக்குப் பெரிசாகப் பட்டது. ஆனால் கடையை நடத்துவது சென்னை என்னும்போது கோரிக்கையை டெல்லிக்குத் தூக்கிக் கொடுப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கூட்டணிக்குள் இருக்கிறவர்கள் எழுதும் வாக்கியம் அப்படித்தான் வளையும். வளைகிறது என்று சொல்ல வெளியே ஆள் வேண்டும். அது உங்கள் வேலை. அந்த வாக்கியத்தை ரவிக்குமாரே எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. ஆளும் அணியில் இருந்துகொண்டு ஆளும் அணியைக் கிழி என்று சொல்வது, நாம் எழுத வேண்டிய கட்டுரையை அவர் தலையில் கட்டுவது.

அவருக்கு அவையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி அங்கே பேசியதற்காக யாரும் வழக்குப் போட முடியாது. உங்களுக்கு அது இல்லை. நீங்கள் ஒரு உள்ளூர் ஒப்பந்ததாரர் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஆனால் அவருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. கொறடா உங்களுக்கு இல்லை, சின்னம் இல்லை, நையாண்டிக்குத் தடை இல்லை. அதைத் தண்ணீராகச் செலவழிக்காமல் இருந்தால் சரி. எதை எழுதினாலும் எம்.பி.யில் கொண்டுபோய் முட்டுகிறீர்கள் என்பது என் புகார். நம் ஊர் சிப்காட்டில் வரும் காலணித் தொழிற்சாலையை எடுங்கள். 2023 ஏப்ரலில் மாநில அரசு போட்ட ஒப்பந்தம், 2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்றார்கள். அதில் நம் வட்டத்துப் பெண்களுக்கு எத்தனை, சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் முடிந்து ராத்திரி வீடு திரும்ப பஸ் உண்டா என்ற கேள்விகள் மாநிலத் தொழில்துறைக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் உரியவை. சுங்கச்சாவடி டெல்லி. ரேஷன் கடை சென்னை. தெருவிளக்கு உங்கள் வார்டு கவுன்சிலர். எந்தக் கதவு என்று தெரியாமல் எழுதுகிற கட்டுரையை எல்லாக் கதவுக்காரரும் சந்தோஷமாக ரசிப்பார்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. கவிஞர் சல்மாவைப் படித்திருப்பீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதியவர். 2001ல் துவரங்குறிச்சி பக்கம் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, நிற்கவிருந்த கணவர் நிற்க முடியாமல் போய், இவரை நிறுத்தினார்கள். பெயருக்கு நிற்க வந்தவர் உண்மையாகவே தலைவராகிவிட்டார். 2006ல் மருங்காபுரியில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 2025ல் மாநிலங்களவைக்குப் போனார். கவிதை அவரைத் தலைவராக்கவில்லை, இட ஒதுக்கீடு ஆக்கியது. நம் உள்ளாட்சிகளில் இன்றைக்குப் பாதி இடம் பெண்களுக்கு. அந்தப் பாதியில் எத்தனை நாற்காலியில் கணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன், நன்றாக இருந்தது. அடுத்த முறை அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்.

நிற்கப் போகிறவர்கள் கிராம சபையிலிருந்து தொடங்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஊரக வேலைத் திட்டக் கணக்கை யாராவது படிக்கச் சொல்லிக் கேட்டால் சிலர் முகம் எப்படி மாறுகிறது என்று நேரில் பாருங்கள். கேட்பவர் காலனித் தெருவிலிருந்து வந்திருந்தால் இன்னும் வேகமாக மாறும். அங்கேயும் நையாண்டி செல்லுபடியாகாது. கணக்குப் புத்தகத்தின் பக்க எண் செல்லும்.

நிற்காமல் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இனி எதைப் பற்றி எழுதினாலும் இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் கேள்வியை மட்டும், 150 சொல்லுக்குள், (அ), (ஆ) போட்டு எழுதி, கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாக எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாங்கிக்கொண்ட தேதியைக் குறித்து வையுங்கள். இன்னொரு தாளில் கட்டுரை. அதில் வாதம், ஊகம், நையாண்டி, பட்டப்பெயர் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். கூட்டத்தொடர் முடிந்ததும், நீங்கள் அனுப்பிய கேள்வியை அவர் கேட்டாரா, கேட்டால் என்ன பதில் வந்தது, கேட்காவிட்டால் ஏன் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். பெயரைச் சொல்லியே எழுதுங்கள். சிற்றிதழ் நடத்தியவர், படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைத் தொடர்ந்து படித்து வரும் ஒருவர்